வாக்குரிமையும் நம்பிக்கையும்
காரைக்கால் உள்ளாட்சி வரலாறு தரும் பாடம்

அரசியல்மீது மக்களுக்கிருந்த நம்பிக்கை குன்றிவிட்டது என்பதை இன்று மேடைதோறும் கேட்கிறோம். நம் சபை மக்களிடமும் இக்கூற்று பரவியுள்ளது. "யார் வந்தாலும் ஒன்றுதான்" என்று சொல்லி வாக்குச்சாவடிக்குச் செல்லாமல் இருப்பவரும் உண்டு. கையூட்டுப் பெற்று வாக்களித்துவிட்டுப் பிறகு ஆட்சியாளரைப் பழிப்பவரும் உண்டு. இந்த நம்பிக்கை எங்ஙனம் அழிகிறது, எங்ஙனம் மீண்டும் முளைக்கிறது என்பதைப் பொதுப்படையாகப் பேசுவதினும் ஓர் ஊரின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வதே நலம். அதற்குக் காவிரியின் கடைமடையில் அமைந்த காரைக்காலைப் போன்ற ஊர் தமிழ் நிலத்தில் வேறில்லை எனலாம்.

காரைக்கால் ஏறத்தாழ 160 சதுர கிலோமீட்டர் பரப்புடைய சிறு நிலப்பகுதி. புதுச்சேரி ஒன்றிய ஆட்சிப்பகுதியைச் சேர்ந்ததாயினும், தலைநகருக்குத் தெற்கே நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், தமிழ்நாட்டு மாவட்டங்களும் கடலும் சூழக் கிடப்பது. 1739-இல் பிரெஞ்சுக்காரர் வசமான இப்பகுதி, இடையிடையே ஆங்கிலேயர் கைக்கு மாறி, 1814-ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கையின்படி மீண்டும் பிரான்சுக்குரியதாயிற்று. இதற்கு வடக்கே சிறு தொலைவிலுள்ள தரங்கம்பாடி, நம் திருச்சபை வரலாற்றைக் கற்றோர் அனைவரும் அறிந்த ஊர். தரங்கம்பாடி 1845-இல் ஆங்கிலேயர் கைக்குச் சென்றது. காரைக்காலோ 1954 வரை பிரெஞ்சுக் கொடியின்கீழ் இருந்தது. இவ்வேறுபாட்டினால் காரைக்கால் மக்களுக்கு, பிரிட்டிஷ் இந்தியாவில் வாழ்ந்த அண்டை ஊரார் கனவிலும் காணாத ஓர் உரிமை மிக முன்னரே கிடைத்தது.

1. குடியரசு தந்த வாக்குரிமை

பிரெஞ்சிந்தியப் பகுதிகள் பாரிஸ் நாடாளுமன்றத்திற்கு ஓர் உறுப்பினரை அனுப்பும் உரிமையை 1848-ஆம் ஆண்டுப் புரட்சியின் பயனாக முதலில் பெற்றன. பேரரசுக் காலத்தில் பறிக்கப்பட்ட அவ்வுரிமை 1871-இல் மூன்றாம் குடியரசினால் மீண்டும் வழங்கப்பட்டது. 1879-ஆம் ஆண்டு ஆணையொன்றினால் பொது ஆலோசனைச் சபையும் தலச் சபைகளும் தோன்றின. 1880 மார்ச் 12-ஆம் நாளின் ஆணை, பிரெஞ்சிந்தியா முழுவதையும் பத்துக் கொம்யூன்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிற்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட நகரசபையையும் அதன் தலைவராக மேயரையும் ஏற்படுத்தியது. பத்தில் மூன்று காரைக்கால் பகுதியில் அமைந்தன. பின்னர் 1907-ஐ ஒட்டிக் கொம்யூன்கள் பதினேழாகப் பெருகியபோது காரைக்காலுக்கு ஆறு கிடைத்தன. இன்றும் காரைக்கால் நகராட்சியும், கோட்டுச்சேரி, நெடுங்காடு, திருநள்ளாறு, நிரவி, திருமலைராயன்பட்டினம் ஆகிய ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகளும் அந்தப் பழைய எல்லைகளின் நினைவாகவே நிற்கின்றன.

ஆடவர் அனைவருக்கும், சொத்து, கல்வி என்னும் தகுதி ஏதும் கேளாமல் வாக்குரிமை வழங்கப்பட்ட காலம் அது. ரிப்பன் பிரபுவின் தல சுயஆட்சித் தீர்மானம் 1882-இல்தான் வந்தது. அதன்பின்னும் பிரிட்டிஷ் இந்தியாவில் வரிசெலுத்தும் சிலரே வாக்காளராயிருந்தனர். ஆகவே, சட்டத்தை மட்டும் நோக்குவோமாயின், 1880-இல் காரைக்கால் உழவர் தஞ்சை மாவட்டத்து உழவரைவிடப் பெரிய குடியுரிமை பெற்றிருந்தார் என்றே சொல்லவேண்டும். சட்டம் சொன்னது நடைமுறையில் எவ்வாறாயிற்று என்பதை அடுத்துக் காண்போம்.

2. பட்டியல்களும் பெட்டிகளும்

முதற்குறை சட்டத்திலேயே இருந்தது. வாக்காளர் அனைவரும் ஒரே பட்டியலில் இடம்பெறவில்லை. தொடக்கத்தில் ஐரோப்பியருக்கு ஒன்றும் இந்தியருக்கு ஒன்றுமாக இரு பட்டியல்கள் இருந்தன. 1881 செப்டம்பர் 21-ஆம் நாளின் ஆணைப்படி, தம் சமூக வழக்காற்றுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடியியல் சட்டத்தை ஏற்றோர் 'ரெனோன்சான்' எனப்பட்டனர். இவர்களுள் கிறிஸ்தவர் பலர். 1884-இல் இவர்களுக்கென மூன்றாவது பட்டியல் ஏற்பட்டது. 1899-இல் மீண்டும் இரு பட்டியல் முறை வந்தது. எம்முறையாயினும், சில நூறு பேர் கொண்ட ஐரோப்பியப் பட்டியலுக்கும் பல்லாயிரவரைக் கொண்ட இந்தியப் பட்டியலுக்கும் சபைகளில் ஒப்பிடத்தக்க இடங்கள் ஒதுக்கப்பட்டன. சமத்துவத்தின் பெயரால் வந்த வாக்குரிமை, வாக்குகளின் மதிப்பில் சமத்துவத்தை மறுத்தது.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. பிரெஞ்சு முறையில் மேயரே கொம்யூனின் அச்சாணி. பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவேடுகள் அவர் அலுவலகத்தில் இருந்தன; வாக்காளர் பட்டியலைத் திருத்தும் பணியிலும் அவர் கை இருந்தது; வாக்களிப்பு நாளில் சாவடிக்குத் தலைமை தாங்கும் பொறுப்பும் மேயருக்கும் அவர்தம் துணைவருக்கும் உரியது. எனவே நகரசபையைக் கைப்பற்றிய கட்சி அடுத்த தேர்தலையும் கைப்பற்றியதாயிற்று. இறந்தவர் பெயர் பட்டியலில் உயிரோடிருக்கும். எதிர்க்கட்சியினரின் பெயரோ காணாமற்போகும். சாவடி வாயிலில் அடியாட்கள் நிற்பர். எதிர்ப்பாளர் உள்ளே நுழையவும் அஞ்சுவர். 1880 முதல் ஏறத்தாழக் கால் நூற்றாண்டு பிரெஞ்சிந்திய அரசியலில் ஓங்கிநின்ற நாடு சண்முக வேலாயுத முதலியாரின் காலத்திலும், அவருக்குப் பின்வந்த தலைவர்கள் காலத்திலும் இந்நிலை மாறவில்லை. ஆளுநர்களும் தமக்கு உகந்த கட்சிக்குத் துணைநின்றதுண்டு.

1914-ஆம் ஆண்டில் பாரிஸ் நாடாளுமன்றத் தேர்தலில் பால் ரிஷார் என்பார் போட்டியிட்டு மிகச்சில வாக்குகளே பெற்றுத் தோற்றார். பால் புளூய்சன் வென்றார். அந்நாளில் புதுச்சேரியில் தங்கியிருந்த அரவிந்தர் தம் கடிதங்களில் அத்தேர்தலின் முறைகேடுகளைக் குறித்துள்ளார். பாரதியாரும் 1908 முதல் பத்தாண்டுகள் இச்சூழலில் வாழ்ந்தவரே. இந்திய விடுதலை வீரர்க்குப் புகலிடமளித்த அதே பிரெஞ்சு மண், தேர்தல் நாளில் தன் சொந்தக் குடிகளுக்கு அடைக்கலம் தரவில்லை.

இங்கே உலக வரலாற்றோடு ஒப்பிட்டு நோக்குவது பயன்தரும். தேர்தல் ஊழல் தமிழர்க்கோ குடியேற்ற நாடுகளுக்கோ மட்டும் உரிய நோயன்று. ஆஸ்திரேலியக் குடியேற்றங்கள் 1856-இலும், பிரிட்டன் 1872-இலும் இரகசிய வாக்குமுறையைக் கொணர்ந்தது, நிலக்கிழாரும் முதலாளிகளும் வாக்காளரை அச்சுறுத்தியதனாலேயே. பிரான்சிலேயே மறைப்பறையும் வாக்குச்சீட்டு உறையும் 1913-ஆம் ஆண்டுச் சட்டத்தினால்தான் கட்டாயமாயின. மனிதர் திருந்துவதற்குக் காத்திராமல், தவறு செய்வதற்கான வாய்ப்பைக் குறைக்கும் ஏற்பாடுகளை அந்நாடுகள் ஒவ்வொன்றாக அமைத்துக்கொண்டன. மனிதனின் வீழ்ந்த இயல்பைக் குறித்துப் போதிக்கும் நமக்கு இது வியப்பளிக்கலாகாது.

3. கீழூர்: நம்பிக்கையின்மை பெற்ற விலை

இரண்டாம் உலகப் போருக்குப்பின் சீர்திருத்தங்கள் விரைந்து வந்தன. 1945-இல் பட்டியல் வேறுபாடு நீங்கி, வாக்காளர் அனைவரும் ஒரே பட்டியலில் இடம்பெற்றனர். அதே காலத்தில் பெண்களும் வாக்காளராயினர். 1946-இல் 44 உறுப்பினர் கொண்ட பிரதிநிதிகள் சபை தோன்றியது. அதில் காரைக்காலுக்கு 12 இடங்கள். ஏட்டளவில் நோக்கின் இவை சிறந்த சீர்திருத்தங்களே. ஆயினும் அறுபது ஆண்டுகளாக மக்கள் உள்ளத்தில் படிந்த ஐயத்தை இவ்வாணைகள் கழுவிவிடவில்லை. அதற்கான சான்று மிக விரைவில் கிடைத்தது.

1948 ஜூனில் இந்தியாவும் பிரான்சும், பிரெஞ்சிந்திய மக்கள் தம் எதிர்காலத்தைத் தாமே வாக்களித்து முடிவுசெய்ய வேண்டுமென உடன்பட்டன. வாக்கெடுப்பின் முறையை வகுக்கும் பொறுப்பு நகரசபைகளிடம் விடப்பட்டதால், 1948 அக்டோபரில் நகரசபைத் தேர்தல் நடந்தது. அத்தேர்தலின் நேர்மை குறித்துக் கடுங்குறைகள் எழுந்தன. வங்காளத்துச் சந்திரநாகூர் 1949 ஜூன் 19-இல் வாக்களித்தது. 7,473 பேர் இந்தியாவோடு இணைவதற்கும் 114 பேர் மறுத்தும் வாக்களித்தனர். தென்னகத்திலோ வாக்கெடுப்பு நடைபெறவேயில்லை. ஹேக் நகரிலுள்ள பன்னாட்டு நீதிமன்றத்தின் வாயிலாகத் தெரிந்தெடுக்கப்பட்ட நடுநிலை நோக்கர்கள் 1951-இல் வந்து பார்வையிட்டனர். சுதந்திரமான வாக்கெடுப்பிற்குரிய சூழல் இங்கில்லை என்பதே அவர்கள் கண்ட முடிவு.

1954 மார்ச்சில் புதுச்சேரிப் பகுதி நகரசபைகள், பொதுவாக்கெடுப்பின்றியே இந்தியாவோடு இணைய வேண்டுமெனத் தீர்மானித்தன. காரைக்கால் கொம்யூன்களிலும் அக்குரல் எழுந்தது. முடிவாக, 1954 அக்டோபர் 18-ஆம் நாள் கீழூரில், புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளின் பிரதிநிதிகள் சபை உறுப்பினரும் நகரசபை உறுப்பினருமாக 178 பேர் கூடி வாக்களித்தனர். 170 பேர் இணைப்பை ஆதரித்தனர், எண்மர் எதிர்த்தனர். நவம்பர் 1-ஆம் நாள் ஆட்சி கைமாறியது. உடன்படிக்கை 1956 மே 28-இல் கையொப்பமாகி, 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படி நிறைவேறியது.

இணைப்பு மக்களின் விருப்பம் என்பதில் நமக்கு ஐயமில்லை. எனினும் வரலாற்று மாணவர் இங்கே நின்று சிந்திக்கவேண்டும். தம் வாழ்வில் மிகப்பெரிய அரசியல் முடிவை எடுத்த நாளில் காரைக்கால் உழவரும் மீனவரும் நெசவாளரும் தாமே வாக்களிக்கவில்லை. காரணங்கள் பலவாயினும் முதன்மையானது ஒன்று: வாக்குப்பெட்டியை ஒருவரும் நம்பவில்லை. ஆசியாவிலேயே முற்பட்ட வாக்குரிமையைப் பெற்றிருந்த மக்களுள் ஒருவரான அவர்கள், அவ்வுரிமை மிகத் தேவைப்பட்ட வேளையில் அதனைப் பயன்படுத்த இயலாமற்போயிற்று. தேர்தலில் செய்யப்படும் வஞ்சனை அந்தத் தேர்தலோடு முடிவதில்லை. அதன் கணக்கைப் பேரப்பிள்ளைகள் தீர்க்கிறார்கள்.

4. தேர்தலற்ற நிர்வாகம்

1954-க்குப் பின்னர் வாக்குமுறை படிப்படியாகச் செம்மையுற்றது. மேயரின் கையிலிருந்த பட்டியல் தேர்தல் ஆணையத்தின் மேற்பார்வைக்கு வந்தது. 1963 ஜூலை 1 முதல் புதுச்சேரிக்குச் சட்டமன்றமும் அமைச்சரவையும் அமைந்தன. காரைக்கால் மக்கள் பெருந்தொகையாகச் சென்று வாக்களிக்கும் வழக்கமும் வளர்ந்தது. பழைய நோய் பெரும்பாலும் தணிந்தது எனலாம். ஆனால் அதற்கு நேரெதிரான மற்றொரு நோய் தோன்றியது.

1968-இல் நகரசபைகளுக்குத் தேர்தல் நடந்தது. 1973-இல் பிரெஞ்சு ஆணைகளுக்கு மாற்றாகப் புதிய நகராட்சிச் சட்டமும், கிராம, கொம்யூன் பஞ்சாயத்துச் சட்டமும் இயற்றப்பட்டன. சட்டம் வந்தது, தேர்தல் வரவில்லை. அரசியலமைப்பின் 73, 74-ஆம் திருத்தங்கள் 1993-இல் நடைமுறைக்கு வந்து, ஐந்தாண்டுக்கு ஒருமுறை உள்ளாட்சித் தேர்தல் நடத்துவதைக் கடமையாக்கின. அதன்பின்னும் பதின்மூன்று ஆண்டுகள் கழிந்தன. 2006-இல்தான், முப்பத்தெட்டு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு, புதுச்சேரி ஆட்சிப்பகுதி முழுவதிலும் ஐந்து நகராட்சிகளுக்கும் பத்துக் கொம்யூன் பஞ்சாயத்துகளுக்கும் கிராமப் பஞ்சாயத்துகளுக்கும் தேர்தல் நடைபெற்றது. பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டோர்க்கும் ஒதுக்கிய இடங்களில், அதுவரை ஊர்ப்பொதுவில் வாய்திறக்க இடம்பெறாத பலர் மன்றத்தில் அமர்ந்தனர். 2011-இல் அவர்தம் பதவிக்காலம் முடிந்தது. மறு தேர்தல் உரிய காலத்தில் வரவில்லை. பத்தாண்டு கழித்து 2021-இல் அறிவிக்கப்பட்ட தேர்தலும் இடஒதுக்கீடு பற்றிய பிணக்கினால் நின்றுபோயிற்று.

இடைப்பட்ட ஆண்டுகளில் ஆணையர்கள் நிர்வாகம் செய்தனர். அவர்களுள் நேர்மையானோர் பலர் இருந்தனர் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஆணையர் மாறுதலாகிச் செல்பவர். ஊரார் வாக்குக்கு அவர் கட்டுப்பட்டவரல்லர். தெருவிளக்கு எரியாவிடினும் வடிகால் அடைத்துக்கொண்டாலும் மனுக்கொடுக்கலாம். கணக்குக் கேட்க இயலாது. சட்டமன்றத்தின் முப்பது தேர்ந்த உறுப்பினருள் காரைக்காலுக்கு உரியவர் ஐவர். சாக்கடை முதல் சட்டம் வரை அனைத்தும் அவ்வைவரின் வாயிலில் குவியும்போது, உரிமையாகக் கேட்கவேண்டியதைச் சலுகையாகக் கெஞ்சிப் பெறும் வழக்கம் வேரூன்றுகிறது. சலுகைக்கு ஈடாக வாக்கும், வாக்குக்கு ஈடாகச் சலுகையும் என்னும் வாணிபத்திற்கு இதுவே பிறப்பிடம்.

2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை காரைக்கால் கடற்கரையைத் தாக்கி ஏறத்தாழ ஐந்நூறு உயிர்களைக் கொண்டுபோயிற்று. கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு, பட்டினச்சேரி முதலிய மீனவ ஊர்கள் துயரில் மூழ்கின. அன்று அவ்வூர்களில் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. 1968-க்குப்பின் தேர்தலே நடக்கவில்லையன்றோ! இக்கடற்கரையில் நிவாரணம் பங்கிடும் பொறுப்பின் பெரும்பகுதியை மீனவர்களின் மரபுவழி ஊர்ப் பஞ்சாயத்துகளே சுமந்தன. அவை ஆற்றிய பணி போற்றற்குரியது. எனினும் அவற்றில் பெண்கள் அமர்வதில்லை. மீனவரல்லாத ஏழைகளுக்கும், கடற்கரையை நம்பிக் கூலிவேலை செய்த தாழ்த்தப்பட்ட மக்களுக்கும் அங்கே குரலில்லை. கைம்பெண் தன் பெயர் ஏன் பட்டியலில் இல்லை என்று எவரிடம் முறையிடுவாள்? உள்ளாட்சி என்பது கொடிக்கம்பமும் நாற்காலியுமன்று. இத்தகைய நாளில் கேள்வி கேட்க ஒரு வாயில் இருக்கிறதா என்பதே அதன் உரைகல்.

தண்ணீரின் நிலையும் இதுவே. காவிரி நடுவர் மன்றம் 2007-இல் புதுச்சேரிக்கு, அதாவது நடைமுறையில் காரைக்காலுக்கு, 7 டி.எம்.சி. நீரை ஒதுக்கியது. அப்பங்கைப் பெறுவது அரசுகளின் வேலை. ஆனால் அரசலாற்றிலும் நாட்டாற்றிலும் வந்த நீர் கடைசி வயலைச் சேர்வது, வாய்க்காலைத் தூர்வாரும் ஊராரின் ஒற்றுமையைப் பொறுத்தது. தில்லியிலோ புதுச்சேரியிலோ அமர்ந்து இதனைச் செய்ய ஒருவராலும் ஆகாது.

5. பழைய சோழநாட்டின் ஒரு நெறி

இச்சோழமண்டலக் கரையில் ஊராட்சி புதிதன்று. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது, தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்தனர், பதவிக்காலம் ஓராண்டு. வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் நெருங்கிய உறவினரும் மீண்டும் தேர்வுபெற இயலாது. அதனை மக்களாட்சி என்று நாம் புகழ்ந்துவிடலாகாது. நிலமும் வேதக்கல்வியும் உடைய அந்தணர்க்கே அவ்வுரிமை. உழுதவர்க்கும் பெண்களுக்கும் அதில் பங்கில்லை. ஆனால் பதவியும் கணக்கும் பிரிக்கலாகாதவை என்னும் அந்நெறி மட்டும் ஆயிரம் ஆண்டுகள் கடந்தும் ஒளிமங்கவில்லை.

காரைக்காலின் இரு நோய்களையும் இந்நெறியைக் கொண்டு அளந்து பார்க்கலாம். முற்காலத்தில் தேர்தல் இருந்தது; கணக்குக் கேட்கும் வழி அடைபட்டிருந்தது. பிற்காலத்தில் நேர்மையான நிர்வாகம் ஓரளவு இருந்தது. கணக்குக் கேட்கும் மன்றமே இல்லை. முதல் நோய்க்கு மருந்து தேர்தலை நிறுத்துவதன்று; பட்டியலை ஒன்றாக்கி, நடுநிலையாளர் கையில் ஒப்படைத்து, சாவடியைக் காப்பதே. இரண்டாம் நோய்க்கு மருந்து நல்ல அதிகாரியை அனுப்புவதன்று. உரிய காலத்தில் தேர்தல் நடத்தி, வார்டுதோறும் மக்களைக் கூட்டிக் கணக்கை வாசிப்பதே. மக்கள் நம்புவது மனிதரின் நற்பண்பை மட்டுமன்று. கேட்டால் விடை வரும் என்னும் அனுபவத்தையே. அவ்வனுபவம் சிறிய மன்றங்களில்தான் கிடைக்கும்.

6. நம் திருச்சபைகளின் முன்னுள்ள கடமை

இந்த வரலாற்றை நாம் வெளியாரைப்பற்றிய செய்தியாக வாசித்துவிட்டு நகர இயலாது. தமிழ்ச் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை 1919-இலும் தென்னிந்தியத் திருச்சபை 1947-இலும் தோன்றியபோது, சபை மக்களே தம் மன்றத்தினரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் வளர்ந்தது. தமிழ்க் கிறிஸ்தவர் பலருக்கு மக்களாட்சியின் முதற்பள்ளி சபைக்கூட்டமே. அப்பள்ளியில் இன்று நாம் கற்பிப்பது யாது? உறுப்பினர் பட்டியலில் பெயர் சேர்ப்பதும் நீக்குவதும், சாதிக்கணக்கில் வாக்குத் திரட்டுவதும், தோற்றவர் நீதிமன்றம் ஏறுவதும் நம் திருச்சபைத் தேர்தல்களில் அரியனவல்ல. பழைய காரைக்கால் மேயரின் கையிலிருந்த பட்டியலைப் பழிக்கும் நாம், நம் குருமனையின் மேசையிலுள்ள பட்டியலை முதலில் திறந்துபார்க்க வேண்டும்.

சாமுவேல் முதுமையில் மக்கள்முன் நின்று, தான் எவருடைய எருதையாவது கழுதையையாவது எடுத்ததுண்டோ எனத் தன்னைத்தானே விசாரணைக்கு உட்படுத்தினார். எருசலேம் சபையில் கிரேக்க விதவைகள் பந்தியில் புறக்கணிக்கப்பட்டபோது, அப்போஸ்தலர் முறையிட்டோரைக் கடிந்துகொள்ளவில்லை. சபையாரையே கூட்டி எழுவரைத் தெரிந்தெடுக்கச் செய்தனர். கணக்கு ஒப்புவித்தல், குறைபட்டோரின் குரலைக் கேட்டல், பொறுப்பை மக்களோடு பகிர்தல் ஆகிய மூன்றும் அங்கே ஒருங்கே காணப்படுகின்றன.

ஆகவே நாம் பெரிய முழக்கங்களை நாடவேண்டியதில்லை. சபை உறுப்பினர் பட்டியலைத் தேர்தலுக்கு முன்னரே அனைவரும் காணும்படி ஒட்டலாம். ஆண்டுக் கணக்கைச் சபையில் வாசித்துக் கேள்விகளுக்கு இடமளிக்கலாம். ஆயர் எந்த அணிக்கும் வாக்குக் கேட்காதிருக்கலாம். அதன்பின் ஊர்ப்பொதுவுக்குச் சென்று, உள்ளாட்சித் தேர்தல் காலந்தவறும் இடங்களில் அதனைக் கட்சிச் சார்பின்றிக் கேட்கலாம். கூட்டம் நடைபெறும் இடங்களில் சபை மக்களை, சிறப்பாகப் பெண்களை, அதில் பங்குகொள்ள ஊக்கலாம்.

கீழூரில் பதிவான எட்டு எதிர்வாக்குகளை நாம் நன்றியோடு நினைக்கலாம். இணைப்பு தவறு என்பதற்காகவன்று. 170 பேரின் மகிழ்ச்சிக்கிடையே அவ்வெண்மரின் மறுப்பும் எண்ணப்பட்டு, எழுதப்பட்டு, இன்றுவரை மறைக்கப்படாமல் நிற்பதற்காக. மாறாக எண்ணியோரையும் மறைக்காமல் எழுதிவைக்கும் கணக்கையே மக்கள் நம்புவர். அத்தகைய கணக்கைச் சபையிலும் ஊரிலும் எழுதத் தொடங்குவது நம் தலைமுறைக்கு உரிய பணி.